வெயில் குடித்த தண்ணீர்

"எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்டால் உடனே பதில் வராது. கொஞ்சம் யோசிப்பார்.

"நேத்தைக்குத் தேவல. இன்னைக்கு எடது முழங்கால் வலிக்கு. மனசு அப்படியேதான் கெடக்கு, கூடவுமில்ல, கொறையவுமில்ல."

கேட்டவர் அதற்குள் நாலடி தள்ளிப் போயிருப்பார். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவரிடம் மரியாதைக்கு "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, அன்றைய சாம்பாரில் உப்பு எவ்வளவு குறைச்சல் என்பதுவரை நின்று கேட்க வேண்டியதாயிற்று. மறுநாளிலிருந்து அவரைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

அறுபதுகளின் ஆரம்பம். செம்பூரில் ஒரு பழைய பங்களாவில் எங்கள் ஆபீஸ். அணைகளில் தேங்கி நிற்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காப்பது எப்படி என்று ஆராய்வது அங்கே வேலை. மாதுங்காவில் என் மாமா இதைக் கேட்டுவிட்டு, "ஏரிக்குக் குடை பிடிக்கற உத்தியோகமாடா?" என்று சிரித்தார். சிரிக்கிற விஷயமில்லை. ஆற்றை மறித்து அணை கட்டினால் தண்ணீர் பரந்து விரிந்து நிற்கும். தக்காணத்து வெயில் அதில் வருஷத்துக்கு ஓர் ஆள் உயரத் தண்ணீரைச் சாதாரணமாகக் குடித்துவிடும். ஆறு ஒரே ராஜ்யத்தில் ஓடினால் போனது போனதுதான். இரண்டு ராஜ்யங்களுக்குப் பொதுவான ஆறாக இருந்தால், போனது யார் பங்கில் போயிற்று என்ற கேள்வி வரும். "உன் அணையில் போச்சு, உன் பங்கில் கழி" என்பார்கள் கீழே இருப்பவர்கள். "வெயில் எல்லாருக்கும் பொது, நஷ்டமும் பொதுதான்" என்பார்கள் மேலே இருப்பவர்கள்.

இதைப் பற்றி அண்ணாச்சி ஒருமுறை சொன்னார். "மூணாவது பங்காளி ஒருத்தன் இருக்கான் சார். வெயிலு. அவன் பேச்சு வார்த்தைக்கு வரமாட்டான். எடுத்துக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்." சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் கழித்து, "மழையாத் திருப்பியும் குடுப்பான். அதையும் சேத்துச் சொல்லணும். எங்கன குடுப்பான்னுதான் நமக்குத் தெரியாது" என்றார்.

ஆபீசுக்குப் பின்னால் மலையடிவாரத்தில் ஒரு குளம். குளக்கரையில் மரச்சட்டத்தின் மேல் நாலடி அகலத்தில் ஒரு வட்டமான தகரத் தொட்டி. அதற்குள் ஒரு முள் நிற்கும். தினமும் காலையில், நீர்மட்டம் அந்த முள்ளின் நுனியைத் தொடும்வரை அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். எத்தனை குவளை ஊற்றினோமோ, நேற்றிலிருந்து அவ்வளவு தண்ணீரை வெயில் குடித்திருக்கிறது என்று கணக்கு. இதுதான் அவர் வேலை. ஆபீசில் அவரைப் 'பானிவாலா', தண்ணீர்க்காரர், என்றே கூப்பிட்டார்கள். நான் அந்த நோட்டைப் பார்த்துப் பட்டியல் போடுகிறவன். தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ், என்னுடையது மாதுங்கா தமிழ். இருந்தாலும் மத்தியானம் டப்பாவைத் திறந்து ஒன்றாக உட்கார அது போதுமாக இருந்தது. சாயங்காலம் குர்லாவரை ஒரே வண்டியில் வருவோம். அங்கே மாறி மறுபடியும் ஒரே வண்டியில் ஏறுவோம். அவர் சயானில் இறங்கித் தாராவிக்கு நடப்பார், நான் அடுத்து மாதுங்காவில் இறங்குவேன்.

ஒருநாள் தொட்டியின் மேல் மூடியிருந்த கம்பி வலை கிழிந்து, காகங்கள் உள்ளே இறங்கிக் குளித்துவிட்டன. அன்றைய கட்டத்தில் அவர் எண் எழுதவில்லை. 'காகம் குடித்தது. எவ்வளவு என்று தெரியாது' என்று எழுதியிருந்தார். எங்கள் மேலதிகாரி, நாங்கள் சாகேப் என்று கூப்பிடுகிறவர், நல்ல மனிதர்தான். "முந்தின நாளும் அடுத்த நாளும் இருக்கிறதே, நடுவில் உள்ள எண்ணைப் போட்டுவிடு" என்று ஹிந்தியில் சொன்னார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நடுவுல உள்ளத நான் பாக்கலையே சாகேப்."

அந்தக் கட்டம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

இதெல்லாம் ஆபீசில் வேடிக்கைக் கதைகளாக ஓடிக்கொண்டிருந்தன. அவர் தெருவில் அப்படியில்லை. அவருடைய அடுத்த அறைக்காரரின் மகனுக்குப் பெண் கொடுக்க ஊரிலிருந்து வந்தவர்கள் இவரிடம் பையன் எப்படி என்று விசாரித்திருக்கிறார்கள். "நல்ல பையன். உழைப்பாளி. செவ்வாயும் வெள்ளியும் குடிப்பான். மத்த நாள் தொடமாட்டான்" என்று சொல்லியிருக்கிறார். சம்பந்தம் முறிந்தது. வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள அந்தச் சாலில் அதன்பிறகு அவருக்குத் தண்ணீர்க் குழாயில் யாரும் இடம் பிடித்துத் தரவில்லை. பொங்கலுக்கு யாரும் பொங்கல் கொண்டு வரவில்லை. "மத்த நாள் தொடமாட்டான்னு சொன்னத ஒருத்தரும் காதுல வாங்கல" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவருக்கு அதுதான் ஆறவில்லை.

அவர் மனைவி ஊரில் இருக்கிறாள் என்று தெரியும். ஏன் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வந்துவிடும் என்பதை அன்று மறந்துவிட்டேன். கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தார்.

"எங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. நாலு வயசு. விடாத காய்ச்ச. ஆஸ்பத்திரில பொழைக்காதுன்னுட்டாக. வெளிய வந்தேன். அவ வராந்தாவுல உக்காந்திருந்தா. 'பொழைச்சுக்கிடும்லா?'ன்னு கேட்டா. நான் இல்லைன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"ரெண்டு நாள் இருந்துச்சு. அந்த ரெண்டு நாளும் நான் நம்பிக்கையா இருந்திருப்பேனே, அதையும் புடுங்கிட்டியளேன்னு கேட்டா. காரியம் முடிஞ்சதும் ஊருக்குப் போனா. திரும்பி வரல. அவ கேட்டதுல தப்பு இல்ல." டப்பாவை மூடினார். "ஆனா அவ கேட்டப்ப எனக்குத் தெரியுமே. தெரிஞ்சத எப்படித் தெரியாதுன்னு சொல்ல?"

அன்று சயான்வரை நான் அவரோடு பேசவில்லை. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. இவரோடு ஒரு வீட்டில் வாழ முடியாது என்று தோன்றியது நினைவிருக்கிறது.

ஆபீசின் நம்பிக்கையெல்லாம் ஒரு வெள்ளைத் தூளில் இருந்தது. மெழுகுச் செதில் மாதிரி இருக்கும். முகத்துக்குப் பூசும் கிரீமில் சேர்க்கிற சரக்குதான். அதைப் படகில் போய்த் தண்ணீர்மேல் தூவினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் மாதிரிப் படர்ந்து ஆவியைத் தடுக்கும். தொட்டியில் அருமையாக வேலை செய்தது. காற்றில்லாத நாளில் குளத்திலும் வேலை செய்தது. காற்று வந்தால் கதை வேறு. மத்தியானம் கடல் பக்கத்திலிருந்து காற்று கிளம்பினதும் அந்தத் தோல் கிழிந்து, கிழக்குக் கரையோரம் பாலாடை மாதிரி ஒதுங்கிவிடும். 'ஒரு மணிக்குப் படலம் கலைந்தது' என்று அவர் நோட்டில் நாள் தவறாமல் இருக்கும்.

பொது ஆற்றில் இருக்கும் ஒரு பெரிய அணையில் இதைச் செய்து பார்க்க இரண்டு ராஜ்யங்களும் சம்மதிக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கத்து இன்ஜினியர்களும் செம்பூருக்கு வந்து குளத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. சாகேப் என்னைக் கூப்பிட்டு, "காற்றில்லாத நாட்களை மட்டும் வைத்துப் பட்டியல் போடு. காற்றுப் பிரச்சினையை அணையில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உள்ளே நுழைய வேண்டும்" என்றார். அவர் அதை மனசார நம்பினார். மிச்சமாகும் தண்ணீரால் இரண்டு ராஜ்யச் சண்டையும் தணியும் என்று அவருக்குக் கனவு. நான் பட்டியல் போட்டேன். விட்டுப்போன நாட்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குத் தெரிந்துதான் செய்தேன்.

அவர்கள் வந்த காலை காற்றே இல்லை. படகு போய்வந்ததும் குளம் எண்ணெய் பூசினதுபோல் வழவழத்துக் கிடந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். கீழ் ராஜ்யத்துப் பெரிய இன்ஜினியர் ஒருவர், வயதானவர், வெகுகாலம் மதராஸ் பக்கம் வேலை பார்த்தவராம். தொட்டியருகே நின்ற இவரைப் பார்த்ததும் தமிழில் பேச்சுக் கொடுத்தார்.

"இது எத்தனை நேரம் நிக்கும்?"

"காத்து இல்லைன்னா மறுநா வரைக்கும் நிக்கும் அய்யா."

"காத்து இருந்தா?"

"மத்தியானத்துக்குள்ள கரைக்கு ஒதுங்கிரும்."

"அப்படி எத்தனை நாள்?"

"கோடைல முக்காவாசி நாள். நோட்டு இருக்கு. பாக்கியளா?"

நான் பத்தடி தள்ளி நின்றேன். ஓடிப்போய் அந்த நோட்டைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. பெரியவர் நோட்டையும் என் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதை யார் தயாரித்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் பட்டியலை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். பரிசோதனை வேண்டாம் என்று இரண்டு ராஜ்யங்களிலிருந்தும் கடிதம் வந்தது. அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆபீசை மூடுகிறார்கள், எட்டுப் பேருக்கு வேலை போகும் என்று தெரிந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அவர் டப்பாவைக் கொண்டு வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். நானும் எழுந்தேன். குர்லா பிளாட்பாரத்தில் நான் கடைசிக் கோடிக்குப் போய் நின்றுகொள்வேன். அவர் வழக்கமான இடத்திலேயே நிற்பார், நான் நின்ற பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

கடைசி நாள் என் மேஜைக்கு வந்தார்.

"உங்க வேல போச்சு. என்னாலதான்."

நான் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"வருத்தமா இருக்கு. ராத்திரி சாப்பாடு எறங்க மாட்டேங்கு. ஆனா இன்னொரு மட்டம் அவுக வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். அத உங்ககிட்ட சொல்லாமப் போனா சரியா இருக்காது."

"போங்க அண்ணாச்சி" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அண்ணாச்சி என்ற வார்த்தை பழக்கத்தில் வந்துவிட்டது. அவர் முகம் அதற்கே கொஞ்சம் மலர்ந்தது.

அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது சாகேப் என்று பின்னால் தெரிந்தது. பொது ஆற்றிலேயே, மேலே, அந்தப் பெரிய அணையில் ஒரு தொட்டி வைத்து அளவெடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். 'இந்த மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள், இவர் தொட்டியைத் தவிர வேறு யாருக்கும் கீழ்ப்படிய மாட்டார்' என்று சாகேப் கடிதம் எழுதினாராம்.

சில மாதம் கழித்து எனக்கு நகரத்திலேயே கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் இடம் கிடைத்தது. பல அணைகளிலிருந்தும் மாதாமாதம் வரும் கணக்குகள் அங்கேதான் வந்து சேரும். சேர்ந்த இரண்டாவது வாரம், மூலை அலமாரியில் ஒரு கட்டுப் பழுப்பு உறைகளைப் பார்த்தேன். அண்ணாச்சியின் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தூசியைத் தட்டிவிட்டுத் தலைமை எழுத்தரிடம் கேட்டேன்.

"அதுவா? எதிர்க்கரையில் தானாக எழுதுகிற புது மிஷின் வைத்துவிட்டார்கள். கணக்கு அதிலிருந்துதான் எடுக்கிறோம். இந்த இடத்தை ரத்து பண்ணி யாரும் உத்தரவு போடவில்லை, ஆகையால் ஆள் இருக்கிறான். பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்."

இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டேன்.

ஒரு வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாக அந்த அணைக்குப் போக வேண்டி வந்தது. ரயிலில் மலையேறி, பஸ் பிடித்து, அணைக்கரையிலிருந்து ஜீப்பில் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனேன். தண்ணீர் ஏறினபோது அந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் காலிசெய்துவிட்டார்கள். ஏரிக்குள் பட்டுப்போன மரங்கள் கிளையோடு நின்றன. கண்ணுக்கெட்டினவரை ஒரு கூரையில்லை. கரையில் தகரம் வேய்ந்த ஓர் அறை, ஒரு தொட்டி, அவர்.

தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமினார்.

"தமிழ் பேசி ஏழு மாசம் ஆச்சு" என்றார். பிறகு, "ஏழு மாசமும் ஒம்பது நாளும்."

வாரம் ஒருமுறை அரிசி பருப்பு கொண்டு வருகிற லைன்மேனைத் தவிர யாரும் வருவதில்லையாம். லைன்மேனும் அவசரக்காரராம். என்னை உட்காரவைத்துச் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார். ஒரே ஒரு தம்ளர்தான் இருந்தது. நான் குடித்து முடித்ததும் கழுவித் தனக்கு ஊற்றிக்கொண்டார். கணக்குகள் வந்து சேரும் ஆபீசில் நான் சேர்ந்ததைச் சொன்னேன். பழைய கோபத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஏரியின்மேல் வெயில் வெள்ளையாக நின்றது. வெகுநேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மாசாமாசம் அனுப்புதேன். ஒரு பதில் வர மாட்டேங்கு. தப்புன்னும் சொல்ல மாட்டேங்காக, சரின்னும் சொல்ல மாட்டேங்காக. அங்க வந்து சேருதா சார்?"

"வருது" என்றேன். அது உண்மை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"பாக்காகளா?"

அவர் கை தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தது. விரல் நகமெல்லாம் துருக்கறை.

"பாக்காமலா? ரெண்டு ராஜ்யமும் பேச உக்காரும்போது உங்க கணக்கைத்தான் எடுத்து வெக்கறா. இவ்வளவு ஒழுங்கா வேற எங்கேருந்தும் வரதில்லைன்னு பேச்சு."

"நெசமாவா?"

"நிஜம்தான் அண்ணாச்சி."

அவர் சந்தேகப்படவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்கு அதைக் கண்டுபிடிக்கிற வழக்கமும் இல்லை போலிருக்கிறது. எழுந்து வெளியே போய்த் தொட்டியருகே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ஜீப் நின்ற இடம்வரை என்னோடு நடந்தார், வழியெல்லாம் பேசிக்கொண்டே. எந்த மாதம் எந்தத் திசைக் காற்று, மேகம் மூடின நாளில் எவ்வளவு, நாரைகள் வரும் காலம் எது. அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அதன்பிறகு மாதாமாதம் ஆபீசுக்கு உறை வந்தது. வீட்டுக்கு எனக்கென்று தனியாக ஒரு கடிதமும் வந்தது. 'கூட்டத்தில் கேட்டால் சொல்வதற்கு' என்று மேலே எழுதி, கட்டத்துக்குள் அடங்காத விவரங்களையெல்லாம் அதில் எழுதுவார். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை அளக்கிறாராம். காய்ச்சலிலும் ஒரு நாள் விடவில்லையாம். தபால் பகலில் வரும், ஆகையால் என் மனைவிதான் முதலில் படிப்பாள்.

"ஏன்னா, இதையெல்லாம் யார்கிட்ட குடுக்கறேள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"டிராயர்ல வெக்கறேன்."

"டிராயர்லயா?" அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். "அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்கோ."

"சொன்னா அந்த மனுஷர் என்ன ஆவார்னு தெரியுமா? அங்கே காக்கா குருவி தவிர ஒண்ணும் கிடையாது."

"சொல்லாட்டா என்ன ஆவார்னு யோசிச்சேளா?"

நான் யோசிக்கவில்லை. இப்படியே ஓய்வுபெறும்வரை ஓடிவிடும் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் ஓடவும் செய்தது.

ஒரு வைகாசி மாதம். எனக்குக் காய்ச்சல், ஆபீசுக்கு நாலு நாள் லீவு. மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். மனைவி திறந்துவிட்டு, "யாரோ வந்திருக்கார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "அவர்தான்னு நினைக்கறேன்" என்றாள். ஒருமுறைகூடப் பார்க்காதவரை அவள் எப்படி அடையாளம் கண்டாளோ.

கையில் ஒரு துணிமூட்டை. சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். அவர்தான் ஆரம்பித்தார்.

"அளவுக் குவள ஒடுங்கியிருக்கு. அடிப்பக்கம். கையில புடிச்சா தெரியாது. புதுக் குவள வந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல வச்சு ஊத்திப் பாத்தேன். பழசுல கொஞ்சம் கம்மியாத்தான் புடிக்கு. அது கீழ விழுந்த நாளு நோட்டுல இருக்கு. போன ஆவணி. அன்னைலேருந்து நான் எழுதினது பூரா தப்பு. வெயிலு குடிக்காததையும் குடிச்சதா எழுதிட்டேன்."

மூட்டையைத் தொட்டார். உள்ளே நோட்டுகள்.

"மேல் ராஜ்யத்து அணைலா. என் கணக்க வச்சுப் பேசுதாகன்னா, அத அவுக பங்குல கழிச்சு அவுகளுக்குத் தண்ணி கொறஞ்சிருக்குமே. வயக்காடு காஞ்சிருக்குமே. ரெண்டு ராத்திரி ஒறங்கல. காயிதம் எழுதினா லேட்டாயிருமேன்னு நேரா உங்க ஆபீசுக்குப் போனேன்."

என் மனைவி சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள்.

"நீங்க லீவுன்னாக. இன்னொருத்தர்கிட்ட சொன்னேன். அவரு சிரிச்சிட்டு அலமாரியக் காட்டினாரு." மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "எல்லாம் ஒட்டினபடியே இருக்கு சார். நான் பச போட்டு ஒட்டினபடியே இருக்கு."

"அண்ணாச்சி" என்றேன்.

"ஒடுங்கின குவளையால ஒருத்தருக்கும் நஷ்டமில்ல. அந்த மட்டுக்கு நல்லதுதான்."

அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே அவருக்கு அது ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். நான் கட்டிலிலிருந்து இறங்கி அவரெதிரே தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க சொன்னது பொய்யி. ஏன் சொன்னியன்னும் தெரியுது. ஒண்ணு சொல்லணும். அந்த ரெண்டு வருசமும் எனக்கு நல்லா இருந்துச்சு. காலைல எந்திரிக்கும்போதே நல்லா இருக்கும். அதையும் சொல்லணும்லா."

"அவளுக்கும் ரெண்டு நாளு அப்படி இருந்திருக்கும்" என்று முணுமுணுத்தார். யாரைச் சொல்கிறார் என்று என் மனைவிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சாப்பிடச் சொன்னோம். மறுக்காமல் சாப்பிட்டார். "ரசம் நல்லா இருக்கு. சோறு கொழைஞ்சிருச்சு" என்றார். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம், குழைஞ்சு போச்சு" என்றாள்.

கிளம்பும்போது மூட்டையை அவிழ்த்து ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தார். குவளை விழுந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் திருத்தின எண், அவர் கையால் எழுதினது.

"இத அந்த உறைகள்ல உள்ளதுல ஏத்திருவியளா? யாரும் பாக்க மாட்டாகதான். இருந்தாலும் தப்பு தப்பா இருக்கக்கூடாதுலா."

"ஏத்திடறேன் அண்ணாச்சி. சத்தியமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். முன்பு ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை, எடை போடுகிற பார்வை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

காய்ச்சல் விட்டதும் ஆபீசுக்குப் போனேன். மத்தியான இடைவேளைகளில் அலமாரிப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வோர் உறையாகப் பிரித்தேன். பழைய எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் திருத்தின எண்ணை எழுதி, ஓரத்தில் 'குவளை ஒடுங்கியதால்' என்று குறிப்பெழுதினேன். பதினோரு நாளாயிற்று. என்ன செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முடிந்த அன்றே அவருக்குக் கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன், ஒரு நாள்கூட விடவில்லை என்று எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினேன். அதற்கும் வரவில்லை. மாத உறைகளும் அந்த வைகாசியோடு நின்றுபோயின. அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று லைன்மேன் மூலம் தகவல் வந்தது. எந்த ஊருக்கு என்று அவருக்கும் தெரியவில்லை.

என் கடிதங்கள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று தெரியாது. சேர்ந்திருந்தாலும், நான் எழுதியதை அவர் நம்பியிருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது.